பங்களாவின் பின்பக்கம்

எலெக்ட்ரானிக் சிட்டி,
27 ஏப்ரல் 2025

அண்ணா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று தெரியும். இரண்டு மாதமாக அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பஸ் மாறி இந்த ஹாஸ்டலுக்கு வந்து, நீ சொன்னதை எனக்கும் நான் சொன்னதை உனக்கும் சுமந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு அதற்கும் முடிவு கட்டிவிட்டாள். "இவ சொன்னத அவங்கிட்ட சொல்லு, அவன் சொன்னத இவகிட்ட சொல்லுன்னு, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் வாடகை வாயா? எதுன்னாலும் எழுதிக் குடுங்க. டிபன் பாக்ஸோட எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி, என் கட்டிலில் படுத்துத் தூங்கியும் விட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் இதை முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். டெல்லி காலேஜில் எனக்கு சீட் கிடைத்திருக்கிறது. பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் காப்பாற்றும் மேல்படிப்பு, இரண்டு வருடம். ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஜூன் பத்தாம் தேதிக்குள் வருகிறேனா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். வருகிறேன் என்றால் இங்கே வேலையை விட வேண்டும்.

வேலையைப் பற்றி உனக்குத் தெரியும். அமெரிக்காவில் எங்கேயோ கட்டும் ஆஸ்பத்திரிகளில் ஏசி குழாய் எந்தச் சுவர் வழியாகப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக வரைகிறேன். அந்தச் சுவர்களில் ஒன்றையாவது நான் தொட்டுப் பார்த்ததில்லை. எங்கள் மேனேஜர் ப்ரஹ்லாத் போன வாரம் கூப்பிட்டு டீம் லீட் ஆக்கப் போவதாகச் சொன்னார். டெல்லி விஷயத்தைச் சொன்னேன். "எதுக்கு பார்கவி ரிஸ்க்கு? பழைய பில்டிங்க எல்லாம் வீக்கெண்ட் ஹாபியா வெச்சுக்கோங்க, சாக்கு, அது போதும்" என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

காக்ஸ் டவுன் பங்களாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை, கத்தினோம். நடந்தது இவ்வளவுதான். வெங்கடராமன் சார் தன் பங்களாவை இடிக்க உன்னிடம் சாவி கொடுத்திருந்தார். ஆணியில் மாட்டியிருந்த அந்தச் சாவியை எடுத்துப் போய் நான் பங்களாவை அளந்து வரைந்தேன். வரைபடத்தைப் பழைய கட்டடங்களுக்காகப் போராடும் குழுவுக்குக் கொடுத்தேன். அவர்கள் கோர்ட்டில் தடை வாங்கினார்கள். அதே வரைபடத்தைத்தான் காலேஜுக்கும் அனுப்பினேன். நூறு வருடத்துக்கு மேலான கட்டடம் அண்ணா. அந்த வராந்தாவின் மர வேலைப்பாட்டை நீயே தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். நீயோ ஆட்கள் முன்னால், "இடிச்ச கையாலதான்டி உனக்குச் சோறு போட்டேன்" என்றாய். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

அப்பா இருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். எனக்குப் பத்து வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் கேட்டிருக்கிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல். போகட்டுமா, வேண்டாமா?

பார்கவி

மர்பி டவுன்,
3 மே 2025

பார்கவிக்கு,

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். சாவியை எடுத்துப் போய் என் வேலையைக் கெடுத்தாய். அந்த வரைபடத்தாலேயே சீட் கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று இப்போது என்னையே கேட்கிறாய். உன் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன், கேள். சாரத்துக்கு மூங்கில் இறக்கிவிட்டுப் பதினோரு ஆட்களோடு காலையில் போய் நிற்கிறேன். கேட்டில் கோர்ட் காகிதம் ஒட்டியிருக்கிறது. வெங்கடராமன் சார் காரிலிருந்து இறங்கி உன் வரைபடத்தின் நகலை என் கையில் கொடுத்தார். "ஏம்ப்பா கேசவா, இதுல உன் தங்கச்சி பேரு இருக்கே?" என்று கேட்டார். கீழே மூலையில் உன் பெயர், முத்து முத்தான எழுத்தில். பதினெட்டு வருடத்தில் ஒருத்தர் வீட்டுச் சாவியை இன்னொருத்தர் கையில் கொடுத்தவனில்லை நான். இப்போது சிவாஜி நகரில் பழைய மரம் விற்கிற கடைக்குப் போனால், "கேசவனுக்கு வேலை குடுக்காதீங்கப்பா, ஸ்டே ஆர்டர வீட்டுலயே வெச்சிருக்கான்" என்று சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருகிறேன்.

சோறு போட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் ஆட்கள் முன்னால். அது தப்பு. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உன் தப்பு.

படிப்பைப் பற்றிக் கேட்டாய். நம் தாத்தாவின் அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு இந்த ஊருக்கு வந்தவர். இந்த மாதிரி ஒரு பங்களாவில் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டார். முன்படியில் அவர் கால் பட்டதில்லை. துரை கப்பல் ஏறிப் போய் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் குடிவந்தார்கள். தாத்தா அங்கே தோட்ட வேலைக்குப் போனார். அவரையும் முன்படியில் ஏறவிடவில்லை. இந்த ஜாதி அந்தப் படியை மிதித்தால் தீட்டு என்று துரை சொல்லவில்லை, அடுத்து வந்தவர்கள் சொன்னார்கள். அதனால்தான் எந்தப் பங்களாவை இடிக்கப் போனாலும் முதல் நாள் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் ஆட்கள் எல்லோரும் செருப்புக் காலோடு முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். ஹாலில் நின்று ஆளுக்கொரு டீ குடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூரையில் ஏறி முதல் ஓட்டை எடுப்போம். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பழைய ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

அந்தப் படியைக் காப்பாற்றுவதற்காகவா நீ டெல்லி வரைக்கும் போய்ப் படிக்கப் போகிறாய்? யாருக்காக? அதை மட்டும் எனக்குச் சொல். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

டப்பாவில் இருப்பது கருவாட்டுக் குழம்பு. நான் ஒன்றும் வைக்கச் சொல்லவில்லை, அம்மாவாக வைத்தது.

கேசவன்

எலெக்ட்ரானிக் சிட்டி,
11 மே 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் போன ஞாயிறு அம்மா எதிரிலேயே படித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு வாரமாக ஆபீசிலும் அதே நினைப்பு. யாருக்காக என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதது மட்டுமில்லை. உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

மார்ச் மாதம் காலேஜ்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக இன்டர்வியூ வைத்தார்கள். ஆபீஸ் மீட்டிங் ரூமில் உட்கார்ந்து பேசினேன். மூன்று பேர் கேட்டார்கள். பெரிய பேராசிரியர் வீணா என்று ஒருவர். என் வரைபடத்தைத் திரையில் போட்டு, வராந்தா, ஹால், மாடிப்படி எல்லாவற்றையும் பாராட்டினார். பிறகு விரலை வைத்து, பங்களாவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இடம் வெள்ளையாக இருக்கிறதே, அங்கே என்ன என்று கேட்டார்.

ஒன்றுமில்லை மேடம், பிற்பாடு யாரோ போட்ட ஷெட் என்றேன்.

பொய் அண்ணா. அங்கே வேலைக்காரர்கள் தங்கிய அறைகள் வரிசையாக இருக்கின்றன. நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அளக்க டேப்பைக்கூட வெளியே எடுத்தேன். என்னவோ வெட்கமாக இருந்தது. இதை வரைந்தால், இதைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள், நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டிவரும் என்று தோன்றியது. டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய்விட்டேன். உன் முன்வாசல் வழக்கம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் உன்னோடு வந்து அந்த டீயை நானும் குடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அதை விட்டேன். எங்கள் கிளாசில் படித்த வேறு யாரும் விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது வெறும் நான்கு சுவர், ஒரு கூரை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்படி ஒரு பொய் சொல்லி வாங்கிய சீட்டில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. சாவியைக் கேட்காமல் எடுத்ததும் தப்புதான். நீ தரமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்காமல் எடுத்தேன், கேட்க மறந்து இல்லை. டீம் லீட் வேலைக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று ப்ரஹ்லாதிடம் சொல்லிவிட்டேன். வரவில்லை என்று இந்த மாதக் கடைசியில் காலேஜுக்கு எழுதிவிடுகிறேன். நீ நிம்மதியாக இரு.

பார்கவி

மர்பி டவுன்,
17 மே 2025

பார்கவி,

நிம்மதியா? யாருக்கு? உன்னைப் போகாதே என்று நான் எங்கே சொன்னேன்? யாருக்காக என்று கேட்டேன். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கடையை மூடிக்கொண்டு போகக் கூடாது.

செவ்வாய்க்கிழமை வெங்கடராமன் சார் வீட்டுக்குப் போனேன். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, உள்ளே போய் ஒன்றை அளக்கலாமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இடிக்கத்தானேப்பா கூடாதுன்னான் கோர்ட்டு? அளக்கறதுக்கு என்ன, அள" என்றார். வாட்ச்மேன் நரேஷ்தான் பயந்தான். "பேடா அண்ணா, கேஸ் ஆகுத்தே" என்று, வேண்டாம், கேஸ் ஆகிவிடும் என்று புலம்பிக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவன் கையில் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டேன். இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பங்களாவுக்குள் பின்பக்கமாக நுழைந்தேன்.

அளவு எல்லாம் கூட வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. உன்னைப் போல எனக்கு வரைய வராது, எண்களைப் பார்த்துக்கொள். மொத்தம் நான்கு அறை. ஒவ்வொன்றும் ஆறடிக்கு ஐந்தடி. நான் கையைத் தூக்கினால் கூரை இடிக்கிறது. அந்தப் பக்கம் ஹால் பதினெட்டடி உயரம். பங்களாவுக்குப் போட்டது சுண்ணாம்புக் காரை, கடப்பாரையே பின்வாங்கும். இங்கே மண் சாந்து, நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. ஜன்னல் கிடையாது. கதவுக்கு மேலே ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு ஓட்டை விட்டிருக்கிறார்கள், அடுப்புப் புகை போக. சுவர் முழுக்கக் கரி. கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே தாழ்ப்பாள் இருந்து பிடுங்கிய தடமாவது இருக்குமா என்று நான்கு கதவையும் தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ள வழியே வைக்கவில்லை. மூன்றாவது அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நரேஷ் வந்து தண்ணி வேண்டுமா என்று கேட்டான்.

நீ வெட்கப்பட்டு விட்டாய் என்று எழுதியிருக்கிறாயே, என் கதையையும் கேள். இதுவரை நாற்பது நாற்பத்தைந்து பங்களா இடித்திருப்பேன். எல்லாவற்றுக்கும் பின்னால் இதே வரிசை உண்டு. முதல் நாள் மத்தியானத்துக்குள் அதைத்தான் தள்ளிவிடுவோம். தேக்கு இருக்காது, நல்ல ஓடு இருக்காது, விற்க ஒன்றும் தேறாது. லாரி நிற்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஹாலில் டீ குடித்துவிட்டு வந்து நம் ஆட்கள் வாழ்ந்த இடத்தைத்தான் முதலில் தள்ளியிருக்கிறேன். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நீ ஒரு வீட்டில் விட்டாய். நான் நாற்பது வீட்டில் விட்டிருக்கிறேன்.

பங்களாவுக்கு ஸ்டே வாங்கிய உன் குழு இந்த அறைகளுக்கு ஒரு தார்ப்பாய் போடவில்லை. கூரையில் கைமரம் உளுத்துப் போயிருக்கிறது. மழை வரும் போலிருக்கிறது என்று என் தார்ப்பாயைக் கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தேன். இடிக்கிறவன் போய்த் தார்ப்பாய் கட்டுகிறான், ஊர் சிரிக்கும்.

பொய் சொன்ன வாயால் உண்மையைச் சொல். இந்த அளவுகளைப் போட்டு வரைந்து அந்த அம்மாவுக்கு அனுப்பு. ஷெட் இல்லை, நான்கு அறை என்று எழுது. சீட் போனால் போகட்டும், அது வேறு. நீயாக விட்டுவிட்டுப் போனால் அந்த இடம் வெள்ளையாகவேதான் இருக்கும். அங்கே என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் அந்தப் படிப்பில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்?

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது அப்படியேதான் இருக்கிறது.

கேசவன்

எலெக்ட்ரானிக் சிட்டி,
25 மே 2025

அண்ணா,

அனுப்பிவிட்டேன்.

உன் தாளை வைத்துக்கொண்டு நான்கு நாள் ஆபீஸ் முடிந்ததும் வரைந்தேன். என் ரூமில் இருக்கும் ஷில்பா, ஹாசனிலிருந்து வந்தவள், என்ன இது என்று கேட்டாள். எங்கள் கொள்ளுத் தாத்தா இந்த மாதிரி ஒரு ரூமில் இருந்தார் என்றேன். வெளியாள் ஒருத்தியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கட்டில் எங்கே போடுவாங்க?" என்று கேட்டாள். போட முடியாது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வீணா மேடத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன். இன்டர்வியூவில் நான் சொன்னது பொய், அது ஷெட் இல்லை, தெரிந்தேதான் விட்டேன் என்று எழுதினேன். ஏன் விட்டேன் என்றும் எழுதினேன். அந்தப் பத்தியை ஏழெட்டுத் தடவை அழித்தேன். அனுப்பிவிட்டு மொபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றோடு மூன்று நாள், பதில் இல்லை. சீட்டை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று தெரிகிறது. வேண்டாம் என்று உனக்கு எழுதினேனே, அது உன் மேல் இருந்த வீம்பு. எனக்குப் போக வேண்டும் அண்ணா. ரொம்ப ஆசையாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். மூன்று அறைக்கும் பின்சுவர் நான்கரை அங்குலம் என்று போட்டிருக்கிறாய். நான்காவது அறையின் கடைசிச் சுவருக்கு மட்டும் பதினெட்டு அங்குலம் என்று இருக்கிறது. தப்பாக எழுதிவிட்டாயா? வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு ராத்திரி மழையில் சில்க் போர்டு சந்திப்பு முழுக்கத் தண்ணீர். அம்மா நடுராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தாள். மழை நாளில் அவளை அனுப்பாதே.

பார்கவி

மர்பி டவுன்,
31 மே 2025

பாப்பா,

நான் அளவைத் தப்பாக எழுத மாட்டேன். கேள்விக்குறியை அழித்துவிடு.

அந்த மழைக்கு மறுநாள் நரேஷ் போன் செய்தான். தார்ப்பாய் கிழிந்து நான்காவது அறையின் முன்சுவரும் கூரையும் விழுந்துவிட்டன. போய்ப் பார்த்தேன். முன்சுவர் கரைந்து வெறும் சேறாகக் கிடக்கிறது. கடைசிச் சுவர் மட்டும் அசையாமல் நிற்கிறது. பூச்சு விழுந்த இடத்தில் பார்த்தால் சுண்ணாம்புக் காரை, பங்களாவுக்குப் போட்ட அதே காரை. அந்தப் பக்கம் போனேன். சுவரில் இரும்பு வளையம் பதித்திருக்கிறது, கீழே கல் தொட்டி. லாயம் அது. குதிரைக்குக் குளிரும் ஈரமும் ஆகாது என்று ஒன்றரை அடிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டவனுக்குச் செங்கல்லை ஒற்றை வரிசையாக வைத்து நான்கரை அங்குலம். இதையும் வரைந்து அனுப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அளவையும் போடு, வேறு எதுவும் எழுத வேண்டாம். படிக்கிறவர்களுக்குப் புரியும்.

மீதி மூன்று அறைக்கும் புதுத் தார்ப்பாய் போட்டாயிற்று. இந்த முறை வெங்கடராமன் சாரே வாங்கிக் கொடுத்தார். கோர்ட் என்ன சொல்லும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எனக்கு ஆனேக்கல்லில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய அரிசி மில். ஆளாளுக்குச் சிரித்தாலும் பதமாக மரத்தை இறக்க இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தேடிக்கொண்டு வரத்தான் வேண்டும்.

பதில் வந்ததா? அம்மா தினமும் கேட்கிறாள். நானும்தான் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

கேசவன்

எலெக்ட்ரானிக் சிட்டி,
8 ஜூன் 2025

அண்ணா,

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீனில் தயிர் சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. வீணா மேடம் எழுதியிருந்தார். ஊரில் இல்லாததால் தாமதமாம். அவர் எழுதியதை உனக்குத் தமிழில் சொல்கிறேன். இப்படிப் பின்பக்கம் வெள்ளையாக விட்ட பங்களா வரைபடங்களை முப்பது வருடமாகப் பார்த்து வருகிறாராம். அது ஷெட் இல்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரியுமாம். என்னிடமிருந்து வேறு பதில் வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தாராம். திரும்பி வந்து அந்த இடத்தை நிரப்பிய ஆள் இதுவரை யாருமில்லையாம். நீ சொன்னபடி நான் வரைந்து அனுப்பிய குதிரைச் சுவரையும் மனிதச் சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறார். சீட் எனக்குத்தான். ஆனால் ஒரு திருத்தம் செய்யச் சொன்னார். அளந்தது நான் இல்லை என்று தெரிகிறது, அளந்தவர் பெயர் வரைபடத்தில் இருக்க வேண்டும் என்றார்.

போட்டுவிட்டேன். மூலையில் என் பெயருக்கு மேலே உன் முழுப் பெயர், "அளவு: ஆதிகேசவன், மர்பி டவுன்." ஒரு நகல் இதோடு வைத்திருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமையே, படிப்பில் சேருகிறேன் என்று காலேஜுக்கு எழுதினேன். அதே சூட்டோடு ப்ரஹ்லாத் ரூமுக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்பி வரணும்னா கூச்சப்படாம போன் பண்ணுங்க" என்றார். நல்ல மனிதர். திரும்பி வர மாட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

யாருக்காக என்று கேட்டாயே. முன்படியையும் காப்பாற்றத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. அந்தப் படி நின்றால்தான், அதில் யார் ஏறவில்லை என்று காட்ட முடியும். நீ இடித்துத் தள்ளிவிட்டால் அந்தக் கணக்கும் சேர்ந்து போய்விடும். இதில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம். ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

கேட்பது வேறு. உன்னை வெங்கடராமன் சார் முன்னால், பதினோரு ஆட்கள் முன்னால், தலைகுனிய வைத்தேன். கட்டடத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன், உன்னை நினைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு அண்ணா. அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பும் விஷயம் இல்லை இது, நேரில் வந்து சொல்ல எனக்கு இன்னும் தைரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தொன்று வகுப்பு தொடங்குகிறது.

உன் பாப்பா

மர்பி டவுன்,
14 ஜூன் 2025

பாப்பா,

வரைபடம் வந்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறாளாம். கக்கூஸ் அளவு கூட இல்லாத நான்கு ரூமின் படத்தை எந்த வீட்டிலாவது நடுச்சுவரில் மாட்டுவார்களா என்று கேட்டேன். "எம் புள்ளைங்க ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்குது, மாட்டுவேன்" என்றாள். ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆனேக்கல் மில்லை ஜூன் இருபத்துமூன்று திங்கட்கிழமை இடிக்கத் தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டியது, மூன்று நாள் தள்ளி வைத்திருக்கிறேன். உனக்கு அங்கிருந்து ஆனேக்கல் பக்கம்தானே. வெள்ளி, சனி, ஞாயிறு வந்து எதை வேண்டுமானாலும் அளந்துகொள். கூலிக்காரர்கள் நெல் காயவைத்துக்கொண்டு தங்கிய கொட்டகை ஒன்று இருக்கிறது, அதையும் பார். டேப்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இடிப்பேன். நீ எப்படிப் பார்த்தாலும் இடிப்பேன். அது என் தொழில்.

ஜூலை பதினெட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்லிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு டிக்கெட். தங்கச்சியைத் தனியாக அனுப்ப மாட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே, மூன்று வருடமாகத் தனியாகத்தான் சம்பாதிக்கிறாய். நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அங்கே இருக்கிற கோட்டை, கொத்தளத்தை எல்லாம் ஒரு ஆள் இறக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவான் என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மறுநாளே திரும்பி வந்துவிடுவேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது பாப்பா, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு ராத்திரி, நடுவில் முழுசாக ஒரு பகல், ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கப் போகிறோம். ஆக்ரா வரைக்கும் நான் திட்டுவேன், நீ வாயைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு டெல்லி வரும் வரைக்கும் நீ பேசு. நான் கேட்கிறேன்.

அண்ணன்